கத்திரிப்பூச் சட்டைக்கு ஏழாவது இடம்

எங்கள் வீட்டு முன்னறையில் சாமி படங்கள் ஒரு மூலைக்கு ஒதுங்கியிருக்கும். நட்டநடுச் சுவர் சித்தப்பாவுடையது. அவர் கையை உயர்த்தினால் எட்டும் உயரத்தில் தொடங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே வரைக்கும், உலகத்தின் தலைசிறந்த பத்து கால்பந்து கிளப்புகளை எனாமல் பெயிண்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். வீட்டுக்குள் வருகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். கேஸ் போட வருகிறவர்கூட, சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்று மூன்றாவது இடத்தைப் பற்றி ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகவில்லை. மறைமலை நகரில் கார்களுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை. அனகாபுத்தூரில் நாங்கள் இருந்த தெருவுக்குள் ஆட்டோவே யோசித்துத்தான் நுழையும், கம்பெனி பஸ் எங்கே வரப்போகிறது? மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோர மைதானத்தில் கோல்கீப்பர், பையன்கள் பாஷையில் கோலி. ஆள் உயரம் என்பதால் கோலியானாரா, கோலியானதால் உயரமாகத் தெரிந்தாரா என்று எனக்கு இன்றுவரை குழப்பம் உண்டு.

வெளிநாட்டு ஆட்டங்கள் நாம் தூங்கும் நேரத்தில் நடப்பவை. சித்தப்பாவுக்கு அந்த நேரம் பாதி நாள் ஷிஃப்ட். அதனால் காலையில் போடும் மறுஒளிபரப்பைத்தான் பார்ப்பார். அதற்குள் யாராவது முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்பது அவருடைய பெரிய கவலை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இரண்டு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வேகவேகமாக நடப்பார். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதர்கள் வேண்டுமென்றே கத்துவார்கள். அவர் "லாலாலா" என்று சத்தமாகப் பாடிக்கொண்டே எங்கள் வாசலுக்குள் பாய்வார். புதிதாகக் குடிவந்தவர்கள் பாவம், இந்தப் பையனுக்கு இந்த வயதில் இப்படி ஆகிவிட்டதே என்று அம்மாவிடம் விசாரித்திருக்கிறார்கள்.

மே மாத முடிவில், அங்கே கடைசிக் கோப்பையையும் யாரோ தூக்கி முடித்த பிறகு, சுவரில் நடுப்பட்டைக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார். பழைய வரிசை போய்விடும். பிறகு முடிந்துபோன சீசனுக்கான ரேங்க் எழுதும் வேலை தொடங்கும். மைதானத்துப் பையன்கள் வந்து உட்கார்ந்து நாலைந்து சாயங்காலங்கள் வாதாடுவார்கள். ஒவ்வொரு கிளப்பையும் அதனதன் சட்டையின் நிறத்தில் எழுதுவார். சின்னச் சின்ன டப்பாக்களில் அவர் பெயிண்ட் கலக்கித் தர, நான் ஏந்திக்கொண்டு நிற்பேன்.

கிளப்புகளின் நிஜப் பெயர்கள் சுவரில் இருந்தன என்றாலும் வீட்டில் யாரும் அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. வாயில் நுழையவில்லை என்று அம்மா தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருந்தாள். வெள்ளைச் சட்டை, பொன்வண்டு, வரிக்குதிரை. சித்தப்பாவின் உயிரான கிளப்புக்கு ஊதா நிறச் சட்டை. அது கத்திரிப்பூ. அந்தக் கிளப் கோப்பை வாங்கி வருஷக்கணக்காகிறது. இருந்தாலும் அது தோற்ற நாளில் சித்தப்பா இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அவ்வளவு உயிராக இருந்தும் ரேங்க் என்று வந்தால் அவர் நியாயவான். ஒரு வருடம் கத்திரிப்பூவுக்குப் பத்தில் இடமே கொடுக்கவில்லை. நான் கோபித்துக்கொண்டு பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன். "பாசம் வேற, ராங்க் வேற பாப்பா. ரெண்டத்தையும் கலந்தா சொவுத்துக்கு மரியாத கெடயாது" என்றார். நான் சொல்லப்போகும் வருடத்தில் அந்தக் கிளப் ஏதோ அதிசயமாக அரையிறுதி வரை வந்து, கடைசி நிமிடத்தில் கோட்டைவிட்டிருந்தது. ரொம்ப யோசித்து ஏழாவது இடம் கொடுத்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்பாவுக்கு ஃபுட்பாலைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தம்பி டிவியை விட்டு எழுந்தால்தான் செய்தி பார்க்கலாம். பல்லாவரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை அவருக்கு. சுவரைக் கடக்கும்போதெல்லாம், "இதுல ஒருத்தனாவது நம்ம வூட்டு கரண்ட் பில்லு கட்டுவானா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கேட்பாரே தவிர, சுவரை ஒருநாளும் தடுத்ததில்லை.

எங்கள் பகுதியில் மழைக்காலம் என்றால் அடையாறு எட்டிப் பார்க்கும். நான் சொல்லும் வருடத்துக்கு முந்தின வருட மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, சுவரில் பத்தாவது கிளப்பின் கழுத்தளவு நின்று, மறுநாள் வடிந்துபோயிற்று. "பத்தாவது டீம் கீழ டிவிஷனுக்கு எறங்கிடுச்சு" என்று சித்தப்பா சிரித்தார். தெருவே சிரித்தது. அன்று முதல் அந்தச் சுவர் தெருவுக்கே அளவுகோலாகிவிட்டது. மழை வலுத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாக, "இன்னாப்பா, தண்ணி எத்தினியாவதுல கீது?" என்று கேட்பார்கள்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு மேல் லீவு. எனக்குக் கொண்டாட்டம்தான். ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது என் பாயின் ஓரம் நனைந்திருந்தது. அம்மா அரிசி மூட்டையை மேடை மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் டிவியைப் பரணுக்குத் தூக்கினார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் இல்லாமல் முடியாது. கரண்ட் போய்விட்டதால் ஃபிரிட்ஜிலிருந்து மருந்தையும் ஊசியையும் எடுத்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, டிவிக்குப் பக்கத்தில் வைத்தது சித்தப்பாதான்.

பத்தாவது முழுகியது. நான் கைதட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒன்பதாவதும் போயிற்று. அப்பா வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். இப்போதே கிளம்பி மெயின் ரோட்டுக்குப் போய்விடலாம், ஊரப்பாக்கத்தில் அத்தை வீடு இருக்கிறது என்றார். சித்தப்பா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாண்ணா பயப்படுற? போன தபா பத்தோட நின்னுச்சு. இந்த தபா எட்டு வரைக்கும் வரும். ஏழுல யாரு கீறாங்க பாரு. நம்ம டிஃபென்ஸ தாண்டி தண்ணி வருமா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். தெருவில் அதற்குள் இடுப்பளவு தண்ணீர். அதில் என்னைத் தூக்கிக்கொண்டு, கால் வீங்கிய அம்மாவையும் நடத்திப் போவதை நினைத்தாரோ என்னவோ. "சரி, ஏழு வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

நாங்கள் நான்கு பேரும் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்தோம். சித்தப்பா ஆட்டத்துக்கு வர்ணனை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாவது இடத்தின் எழுத்துகள் கீழிருந்து கரைந்துபோவதுபோல மறைந்தன. ஒரு இடத்தில் தண்ணீர் ரொம்ப நேரம் அசையாமல் நின்றது. "பாத்தியா, ஹாஃப் டைம்" என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அதன் பிறகு ஏறியது மளமளவென்று ஏறியது. மேலே ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிகின்றன என்று வெளியே யாரோ கத்திக்கொண்டு போனார்கள். கத்திரிப்பூ நிறத்தின் பாதி தண்ணீருக்குள் போனபோது சித்தப்பா வர்ணனையை நிறுத்தினார். "கெளம்பலாம்ணா" என்றார். எப்போதும் இருக்கிற சிரிப்பு அப்போது அவர் முகத்தில் இல்லை.

தெருமுனையில் ஒரு டீச்சருடைய மாடி வீடு இருந்தது. தெருப் பையன்கள் கம்பத்துக்குக் கம்பம் நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். என்னை அப்பா தோளில் வைத்துக்கொண்டார். அம்மாவைச் சித்தப்பா ஏறக்குறைய தூக்கிக்கொண்டே வந்தார். கறுத்த தண்ணீரில் பிளாஸ்டிக் குடங்களும் செருப்புகளும் மிதந்து வந்தன. மொட்டைமாடியில் எங்களைப் போல நிறையக் குடும்பங்கள், ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அதன் கீழே நின்றிருந்தார்கள். அங்கே ஏறி மூச்சு வாங்கிய பிறகுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. டப்பா பரண்மேலேயே இருந்துவிட்டது.

"பரவால்ல, ஒரு வேளை போடலன்னா ஒண்ணும் ஆவாது" என்றாள் அம்மா. அப்படிச் சொல்லும்போதே அவள் குரல் சரியாக இல்லை. முந்தின நாள் இரவிலிருந்தே மருந்து போட்டுக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தண்ணீர் எப்போது வடியும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா பேண்ட்டை மடித்துவிட ஆரம்பித்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஒனக்கு நீச்சல் தெரியாதுண்ணா. நீ போய் நான் ஒன்ன தேடணும். இருங்க அண்ணி, இதோ வந்துர்றேன்."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. எனக்கு ஆட்டம் பாதியில் நின்றுபோன குறைதான். இப்போது எத்தனாவது வரைக்கும் வந்திருக்கும் என்று கேட்டேன். நீ சொல்லு என்றார். நாலு என்றேன். அவர் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவதுபோலப் பாவனை செய்து, ஐந்து என்றார்.

"பாத்துட்டு வந்து சொல்றேன் பாப்பா."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். எங்கள் தெரு நடுவில் ஒரு வளைவு உண்டு. அங்கே திரும்பும்போது, தன் அணியை முன்னே ஏறிப் போகச் சொல்லும் கோலியைப் போல ஒரு கையை எங்களைப் பார்த்து வீசினார். அதற்கு அப்பால் எங்களுக்குத் தெரியாது. அவர் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. எதிர் வீட்டு மதில் எங்கள் கண் முன்னாலேயே சாய்ந்தது. கயிறு கட்டியிருந்த கம்பம் தலையை ஆட்டியது. பெண்கள் கத்தினார்கள். அப்பா மாடிக் கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் குரல் அடைத்துப்போகும்வரை கூப்பிட்டார். அவரை இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து, நாலா ஐந்தா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் படகு வந்தது. அம்மாவை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்துவிட்டார்கள். என்னை ஊரப்பாக்கம் அத்தை வீட்டில் விட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு சித்தப்பாவை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கண்டெடுத்தார்கள். எவர்சில்வர் டப்பாவைத் துண்டில் முடிந்து இடுப்போடு கட்டியிருந்தாராம். மூடி திறக்கவில்லையாம். என்னைப் பார்க்க விடவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதுதான். அம்மா இன்றும் ஊசி போட்டுக்கொள்ளும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வலி தாங்காமல் திருப்பிக்கொள்கிறாள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. காரியமெல்லாம் முடிந்த அன்று அடக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள். "காலைலயே வந்திருக்கலாமேடா. வூட்டுக்குள்ள தண்ணி வந்துகினே கீது, நீங்க ஒரு சொவுத்த பாத்துகினா உக்காந்துனு இருந்தீங்க?" யாரோ ஒருவர், அந்தப் பையன் விளையாட்டுத்தனமாகச் சொன்னதைக் கேட்டதால் வந்த வினை என்றார். அப்பா அதற்குத் தலையை நிமிர்த்தினார். "ஏழு வரைக்கும் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன்" என்றார். அந்தப் பேச்சை அப்பா பிறகு எப்போதும் எடுத்ததில்லை.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது கதவைத் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. உள்ளே முழங்காலளவு சேறு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. பரணிலிருந்து டிவி தலைகீழாகத் தொங்கியது. சாமி படங்கள் இருந்த மூலையில் ஆணிகள் மட்டும் இருந்தன. எனக்கு இவை எதுவும் கண்ணில் படவில்லை. நான் நேராகச் சுவரிடம் ஓடினேன். நாலு சுவர்களையும் சுற்றி, மட்டம் பார்த்து இழுத்ததுபோல ஒரு சேற்றுக்கோடு ஓடியிருந்தது. நான் சொன்ன நாலும் இல்லை, அவர் சொன்ன ஐந்தும் இல்லை. முதலிடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தண்ணீர் முழுக்கியிருந்தது.

"ரெண்டு வரைக்கும் வந்துகீதுப்பா!" என்று கத்தினேன். எனக்கு விடை கிடைத்துவிட்ட ஆர்வம். அம்மா வாசற்படியிலேயே, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குப் புரியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் மற்ற சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். நடுச்சுவரைத் தொட வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் தவணையில் ஒரு டிவி வந்தது. அப்பா காலையில் கடைக்குக் கிளம்பும் முன், குளித்த தலையோடு உட்கார்ந்து ஃபுட்பால் மறுஒளிபரப்பு பார்க்கத் தொடங்கினார். எல்லா ஆட்டமும் இல்லை. கத்திரிப்பூ ஆடுகிற ஆட்டம் மட்டும். எதற்கு விசில் அடிக்கிறார்கள், கோல் போட்ட பிறகு ஏன் இல்லை என்கிறார்கள் என்று என்னைக் கேட்பார். நான் பொறுமையில்லாமல் விளக்குவேன். அடுத்த வாரம் அதையே மறுபடி கேட்பார். அந்த சீசனில் கத்திரிப்பூ படுமோசம். தோற்றுத் தோற்று நடுவில் எங்கோ போய் விழுந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் அப்பா டிவியை அணைத்துவிட்டுத் தெருவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

மே மாதம் வந்தது. இந்த வருடம் ரேங்க் கிடையாது என்றுதான் நான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் அப்பா பையில் சின்ன எனாமல் டப்பாக்களோடு வந்தார். நடுப்பட்டைக்கு மட்டும் தானே சுண்ணாம்பு அடித்தார், சித்தப்பா அடிப்பதுபோல. அதற்கு இரண்டு பக்கமும் சேற்றுக்கோடு அப்படியே இருந்தது. மறுநாள் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறினார். அவருக்குச் சித்தப்பாவின் உயரம் இல்லை. பிரஷ்ஷில் ஊதா நிறத்தைத் தொட்டு, முதலிடத்தில் எழுத ஆரம்பித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. தப்பு தப்பு என்று கத்தினேன். அது இந்த வருடம் எதையும் ஜெயிக்கவில்லை, பத்துக்குள்ளேயே வராது, சித்தப்பாவே ஏழுதான் கொடுத்தார் என்றேன். "பாசம் வேற, ராங்க் வேறன்னு அவரே சொல்லிகீறாரு. இப்டி எழுதுனா சொவுத்துக்கு மரியாத கெடயாது" என்றேன். அப்பா திரும்பவில்லை. எழுதி முடித்து, கடைசி எழுத்தில் வழிந்த பெயிண்டை விரலால் துடைத்தார்.

"அது மேலயே இருக்கட்டும் பாப்பா" என்றார். பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "மீதிய நீ சொல்லு, எழுதுறேன்" என்றார்.

மீதி ஒன்பதையும் நான் சொன்னேன், அவர் எழுதினார். இரண்டிலிருந்து பத்து வரை நியாயம் தவறாத ரேங்க். அதைப் பார்க்க வந்த மைதானத்துப் பையன்கள் முதலிடத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் வாதாடவில்லை. கேஸ்காரர் சிலிண்டரை இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். எனக்கு மானம் போயிற்று. எங்கள் அப்பாவுக்கு ஃபுட்பாலே தெரியாது, எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில் ஏறாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சுவரில் அந்தச் சேற்றுக்கோட்டுக்கு மேலே இருந்தது அந்த ஒரே ஓர் இடம்தான். எனக்கு அது முதலிடமாக மட்டும்தான் தெரிந்தது.